4 அடி மீன் தொட்டிக்கு ஸ்டாண்டு: வெல்டிங்கா, பிளைவுட்டா, செங்கல் கட்டா?

சூரமங்கலத்தான்

வணக்கம் நண்பர்களே. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி செய்யச் சொல்லிவிட்டேன். 10 மி.மீ. கண்ணாடி, பிளாஸ்டிக் சட்டம் எதுவும் கிடையாது. ஏஞ்சல், டெட்ரா, ஓரமாகக் கொஞ்சம் செடி என்று யோசனை. தொட்டியைப் பற்றிக் கவலை இல்லை. அதை எதன்மேல் வைப்பது என்பதில்தான் வீட்டில் பஞ்சாயத்து.

வைக்கப்போவது சேலம் வீட்டின் முதல் மாடி ஹாலில். கான்கிரீட் தளம், மேலே டைல்ஸ். பழைய டி.வி. யூனிட் ஒன்று சும்மா கிடக்கிறது, அதன்மேலேயே வைத்துவிடலாம் என்கிறார் வீட்டம்மா. தொட்டிக் கடைக்காரர் கதவு வைத்த அலமாரி ஒன்றைக் காட்டுகிறார், பார்க்க லட்சணமாக இருக்கிறது. மாமனார், "செங்கல் வைத்துக் கட்டி மேலே கடப்பா கல்லைப் போடுங்க மாப்பிள்ளை, தலைமுறைக்கும் நிக்கும்" என்கிறார். எனக்கு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யலாம் என்று ஆசை. எது சரி? வெல்டிங் என்றால் என்ன சைஸ் பைப், என்னவெல்லாம் சொல்லி வாங்க வேண்டும்?

அம்மாப்பேட்டை சிக்லிட்

முதலில் எடையைப் போட்டுப் பாருங்கள், பாதிப் பஞ்சாயத்து அங்கேயே தீர்ந்துவிடும். 4 × 1.5 × 1.5 என்றால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், விளிம்புவரை 255 லிட்டர். மேலே ரெண்டு அங்குலம் விட்டாலும் 225 லிட்டர் தண்ணீர், அதாவது 225 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி சதுர அடிக்கு 2.3 கிலோ வரும், உங்கள் அளவுக்கு அதுவே 50 கிலோவைத் தாண்டுகிறது. அடியில் ரெண்டு அங்குலம் மணல் கொட்டினால் ஏறக்குறைய 45 கிலோ, அது இடம் பிடித்துத் தள்ளுகிற தண்ணீரைக் கழித்தால் நிகரமாக 28 கிலோ கூடும். கல், கட்டை, மூடி, லைட்டு எல்லாம் சேர்த்து 320, 330 கிலோவில் வந்து நிற்கும்.

இப்போது டி.வி. யூனிட்டைப் பாருங்கள். இதுவரை அது தாங்கியது 15 கிலோ இருக்குமா? மேல் பலகையின் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். ஒரு தடவை தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் அது உப்பும், உப்பினது திரும்பிப் பழைய நிலைக்கு வராது. மீன் தொட்டி இருக்கிற இடத்தில் தண்ணீர் சிந்தாமல் இருக்கப் போவதில்லை.

தச்சன் பேரன்

சிக்லிட் அண்ணா சொன்னது மரத்தூள் பலகைக்குச் சரி. எல்லா அலமாரியும் அப்படி இல்லை. நல்ல பிளைவுட்டில் செய்தது இரும்புக்குக் குறைந்ததே இல்லை என்பேன். பிளையில் 710 என்று முத்திரை பார்த்து வாங்க வேண்டும். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைக்கான, அதாவது தண்ணீர் தாங்கும் பிளைக்கான, இந்தியத் தரம். 303 என்று போட்டிருந்தால் அது பொது உபயோகப் பிளை.

கடைக்காரர் காட்டுகிற அலமாரியில் ரெண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, மேல் பலகை பக்கப் பலகைகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதா, இல்லை ரெண்டு பக்கப் பலகைக்கு நடுவில் சொருகி ஸ்க்ரூ அடித்திருக்கிறதா. சொருகியிருந்தால் 330 கிலோவும் அந்த நாலைந்து ஸ்க்ரூமேல் தொங்கும். தலைமேல் உட்கார்ந்திருந்தால் எடை நேராகப் பலகை வழியே தரைக்குப் போய்விடும். ரெண்டாவது, பின்பக்கம். பெரும்பாலும் 3 மி.மீ. ஹார்டுபோர்டை ஆணி அடித்து ஒப்பேற்றியிருப்பார்கள். அலமாரி பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பதே பின் பலகைதான். அது 12 மி.மீ.க்காவது பிளையாக இருந்து, நாலு ஓரமும் பசை போட்டு ஸ்க்ரூ பிடித்திருக்க வேண்டும். ஃபில்டர் பைப் போவதற்கு ஓட்டை வேண்டுமென்றால் மேல் மூலையில் சின்னதாகப் போடுங்கள். நடுவில் பெரிய ஜன்னல் வெட்டினால் பின் பலகை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

குகை வெல்டிங் பட்டறை

நான் தொழிலே இதுதான் செய்கிறேன், கேட், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி. மீன் தொட்டி ஸ்டாண்டும் அவ்வப்போது வரும். தம்பி, பட்டறைக்குப் போய் "4 அடி தொட்டிக்கு ஒரு ஸ்டாண்டு" என்று மட்டும் சொன்னால் ஒன்றரை அங்குல ஆங்கிளில் (எல் வடிவ இரும்பு) நாலு கால் வைத்துத் தந்துவிடுவார்கள். அது நிற்கும். ஆனால் கையை வைத்து ஆட்டினால் ஆடும். என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

பைப் 40 × 40 சதுரம், கனம் 2 மி.மீ. "16 கேஜ் போதும் சார்" என்பார்கள், அது 1.6 மி.மீ. விலை குறைவதற்காகச் சொல்வது. வெட்டின முனையில் வெர்னியர் வைத்து நீங்களே அளந்து பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 2 மி.மீ. பைப் மீட்டருக்கு 2.4 கிலோ வரும், 20 அடி நீளமாக வரும். உங்கள் ஸ்டாண்டுக்கு ரெண்டு நீளமும் மூணாவதில் கொஞ்சமும் ஆகும். கிட்டத்தட்ட 30 கிலோ.

மேல் சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கவாட்டில் ஒட்டவைத்தால் எடை முழுக்க வெல்டிங்கில் தொங்கும். இப்போதுதான் தச்சுப் பக்கம் இருந்து தம்பி சொன்னாரே, அதே கதைதான், இரும்புக்கும் அதுதான் சட்டம். நீளவாக்கில் நடுவில் முன்னும் பின்னும் ஒரு கால் வையுங்கள், ஆக 6 கால். பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். ஆட்டத்தை நிறுத்துவது அதுதான். முன்பக்கம் கதவுக்கு இடம் வேண்டும் என்றால் பின்பக்கமும் ரெண்டு பக்கவாட்டிலும் கொடுத்தால் போதும்.

அப்புறம் வெல்டிங். முதலில் டேக் அடித்து, அதாவது அங்கங்கே பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து நிறுத்தி, மூலைவிட்டம் ரெண்டையும் டேப்பில் அளந்து சமமாக இருக்கிறதா பார்த்து, அதற்கப்புறம்தான் முழு வெல்டிங். சிலர் டேக்கோடு நிறுத்தி, கிரைண்டர் ஓட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் பெயிண்ட் அடிக்கும் முன்பே போய்ப் பார்க்க வேண்டும். நாலு பக்கமும் வெல்டிங் ஓடியிருக்கிறதா, கருப்பாகச் சிட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பாருங்கள். திறந்திருக்கும் பைப் வாய்க்கெல்லாம் தகடு வைத்து அடைக்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் போனால் வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துரு தின்றுவிடும்.

கடைசியாக, ஒவ்வொரு காலுக்கும் அடியில் 4 அங்குலச் சதுரத் தகடு, 6 மி.மீ. கனம்.

அழகாபுரம் சிவில்

பட்டறை அண்ணன் சொன்ன நடுக் காலைப் பற்றிக் கொஞ்சம் கணக்கு. பலர் "4 கால் போதாதா" என்று அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

முன் சட்டத்துக்குப் பாதி எடை, 165 கிலோ, 4 அடி நீளத்தில் சீராகப் பரவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 × 40 × 2 பைப் இதில் உடைவதற்கு வாய்ப்பே இல்லை. அதில் வரும் தகைவு (இரும்புக்குள் ஏறும் அழுத்தம்) இரும்பு தாங்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் முனைகளைச் சும்மா தாங்கிவைத்த நிலையில் நடுவில் இரண்டரை மி.மீ. வரை கீழே வளையும். வெல்டிங் மூட்டு இறுக்கமாக இருப்பதால் நிஜத்தில் அதைவிடக் குறையும், இருந்தாலும் ஒரு மி.மீ.க்கு மேல் என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி அப்படி வளைந்து கொடுக்காது. ஓரங்களில் மட்டும் உட்கார்ந்து நடுவில் பாலம் மாதிரி நிற்கும். சிலிக்கான் மூட்டுக்கும் அடிக் கண்ணாடிக்கும் அதுதான் வினை.

நடுவில் ஒரு கால் வைத்ததும் தாங்கும் தூரம் பாதியாகிறது. வளைவு தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பதால் அது பதினாறில் ஒரு பங்காக இறங்கிவிடும். இதற்காக ஆகும் செலவு ரெண்டரை அடிப் பைப்தான்! முன்பக்கம் நடுவில் கால் வேண்டாம், பெரிய கதவு வேண்டும் என்று அடம் பிடித்தால், மேல் சட்டத்துக்கு மட்டும் 80 × 40 × 2 பைப்பை நெட்டுக்க நிறுத்தி வையுங்கள். 40 × 40-ஐவிட ஐந்து மடங்குக்கு மேல் விறைப்பு. படுக்க வைத்தால் இந்தப் பலன் கிடையாது.

இப்போது தளம். நம் ஊர்க் கட்டடங்களில் குடியிருப்பு அறைக்கு ஐ.எஸ். 875 படி சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று எடுத்து வடிவமைப்பது வழக்கம். உங்கள் தொட்டி நிற்கும் இடம் அரை சதுர மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அங்கே மட்டும் சதுர மீட்டருக்கு 600 கிலோ பக்கம் வருகிறது. பயந்துவிடாதீர்கள். 200 கிலோ என்பது அறை முழுக்க ஒரே நேரத்தில் நிரப்பினால் என்கிற கணக்கு. 10 × 12 அறைக்கு மொத்தம் இரண்டு டன்னுக்கு மேல் வரும். ஒழுங்காகக் கம்பி கட்டிப் போட்ட தளத்தில், சுவரை ஒட்டி, முடிந்தால் அடியில் பீமோ சுவரோ ஓடும் இடத்தில் வைத்தால் சிக்கல் இருக்காது. அறை நடுவில் வைக்காதீர்கள். வெளியே நீட்டிய பால்கனியில் கண்டிப்பாக வேண்டாம். தளத்தின் அடிப்பக்கம் ஏற்கெனவே விரிசலோ, கம்பி தெரிகிற மாதிரி காரை உதிர்ந்தோ இருந்தால் முதலில் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள். செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கம் மர உத்திரத்தின்மேல் தளம் போட்ட பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மாடிக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

மாமனார் யோசனை தரைத்தளமாக இருந்தால் அருமை. மாடியில் வேண்டாம். 9 அங்குலத்தில் மூன்று செங்கல் தூண் கட்டினால் தூண்களே 400 கிலோ வரும், தொட்டியைவிட அதிகம்.

சூரமங்கலத்தான்

தளத்துக்கு அடியில் வெறும் அறை. ஹாலின் வடக்குச் சுவருக்கு நேர் கீழே கீழ்வீட்டுச் சுவர் ஓடுகிறது, பார்த்துவிட்டேன். அங்கேதான் வைக்கப் போகிறேன். மாமனாரிடம் 400 கிலோ கணக்கைச் சொன்னேன், "சரி சரி, எஞ்சினியர் சொன்னா சரிதான்" என்றுவிட்டார்.

கன்னங்குறிச்சி ரவுண்டு

தரைத்தளத்தில் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடப்பா கல்லை 4 அடிக்கு நடுத் தாங்கல் இல்லாமல் போடாதீர்கள். அது அடுக்கடுக்காக இருக்கும் கல், உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீற்று இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாகும். இரும்பு என்றால் வளைந்தாவது காட்டும். ரெண்டு அடிக்கு ஒரு தூண், மேலே கிரானைட் போட்டால் நிம்மதி.

இரும்பாலை ரோடு

ஒரு சந்தேகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலையை ஊரிலேயே வைத்துக்கொண்டு எல்லோரும் எம்.எஸ். (சாதா இரும்பு) பைப், பெயிண்ட் என்று பேசுகிறீர்களே, எஸ்.எஸ். பைப்பில் செய்தால் துருவே கிடையாதே?

குகை வெல்டிங் பட்டறை

செய்யலாம், 304 தரமாக இருந்தால். மார்க்கெட்டில் 202 பைப்பும் அதே பளபளப்போடு இருக்கும், விலை குறைவு. தண்ணீர் படும் இடத்தில் வெல்டிங் ஓரம் பழுப்பு ஏறும். 304-ல் ஆர்கான் வெல்டிங் போட்டுச் செய்தால் செலவு பல மடங்கு. நல்ல தண்ணீர் தொட்டிக்கு அது தேவையில்லை. எம்.எஸ். பைப்பைத் துரு போகச் சுரண்டி, துரு தடுக்கும் ரெட் ஆக்ஸைடு ரெண்டு கை, மேலே எனாமல் ரெண்டு கை அடித்தால் போதும். வசதி இருந்தால் பவுடர் கோட்டிங். உப்புத் தண்ணீர் மீன் வளர்க்கிறவர்கள் மட்டும் எஸ்.எஸ். பற்றி யோசிக்கட்டும்.

இளம்பிள்ளை தறி

எங்கள் வீட்டில் பின்கட்டில் விசைத்தறி ஓடுகிறது, முன்கட்டில் தொட்டி. யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை என்பதால் சொல்கிறேன். தறி ஓடும்போது தொட்டித் தண்ணீரின் மேல்மட்டத்தில் பொடிப்பொடியாக அலை தெரியும். முதலில் வைத்திருந்தது போல்ட் போட்டு மாட்டுகிற ஸ்டாண்டு, பார்சலில் வந்தது. ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்பேனரைப் போட்டால் ஒவ்வொரு நட்டும் அரைச் சுற்று, முக்கால் சுற்று இறுகும். அதாவது அவ்வளவு தளர்ந்திருக்கிறது. நைலான் வைத்த நட்டு மாற்றியதும் தளர்வது நின்றது, ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. இப்போது முழுக்க வெல்டிங் போட்டது, காலுக்கடியில் அரை அங்குல ரப்பர், தறி இருக்கும் சுவரில் ஒட்டாமல் எதிர்ச் சுவரோரம்.

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் பக்கத்து வீட்டில் தறி இருந்தாலும் இதே கதைதான். பொதுச் சுவரில் வைக்காதீர்கள்.

ஏற்காடு மலைவாசி

மேலே மலையிலிருந்து ஒரு அக்கா. எங்கள் பிரச்சினை வேறு மாதிரி. 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவந்த தொட்டி முழுசாக வந்து சேர்வதே பெரிய காரியம், அதை விடுங்கள். இங்கே பனிமூட்டக் காலத்தில் துவைத்த துணியே நாள்கணக்கில் காயாது. கதவு வைத்த அலமாரிக்குள் காற்றே போகாமல் பூஞ்சை பிடித்து, உள்ளே வைத்த மீன் தீவனம்கூடக் கட்டி தட்டிப் போகும். அலமாரிதான் வேண்டும் என்றால் ரெண்டு பக்கமும் மேலும் கீழும் காற்றுத் துளை விட வேண்டும். பிளையின் வெட்டு ஓரங்களை, முக்கியமாகத் தரையில் படும் அடி ஓரத்தை, பெயிண்டால் நன்றாக மூட வேண்டும். எல்லோரும் முகத்துக்கு மைக்கா ஒட்டி அழகு பார்த்துவிட்டு அடி ஓரத்தை மறந்துவிடுகிறார்கள். ஈரம் ஏறுவதே அந்த வழியில்தான்.

காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இங்கே தாராளமாகக் கிடைக்கும், "அதிலேயே ஸ்டாண்டு செய்யலாமே" என்று விருந்தாளிகள் சொல்வார்கள். அறுத்த உடனே செய்தால் காயக் காய முறுக்கிக்கொள்ளும். நிழலில் நன்றாகக் காய்ந்த கட்டையாக இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசலாம். நான் இரும்புக்குத்தான் போனேன்.

பழைய பங்களாக்களில் மரப்பலகைத் தரை இருந்தால், பலகைக்கு அடியில் உத்திரக் கட்டை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே ஸ்டாண்டை வையுங்கள். மூன்று நாலு கட்டைக்கு எடை பிரியும். இணையாக வைத்தால் முழுப் பாரமும் ஒன்றின்மேலோ, ஒன்றும் இல்லாத இடைவெளியிலோ விழும்.

நாலு ரோடு கப்பி

இவ்வளவு எதற்கு? நல்ல கனமான தெர்மாகோல் ஒன்றை அடியில் போட்டால் மேடு பள்ளம் எல்லாம் அதுவே சரி பண்ணிக்கொள்ளும். கடைக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

அம்மாப்பேட்டை சிக்லிட்

இல்லை ப்ரோ. ஒரு மணல் துகள், பெயிண்டில் ஒரு திப்பி, ஸ்க்ரூ தலை, இந்த அளவை அது வாங்கிக்கொள்ளும். ஸ்டாண்டு ஒரு பக்கம் அரை அங்குலம் சாய்ந்திருந்தால் தெர்மாகோலும் அதே சாய்வில்தான் படுத்திருக்கும். நடுவில் வளைந்தாலும் அதேதான். போடட்டும், ஒரே துண்டாக அரை அங்குலத்தில் போடட்டும், யோகா பாய் இருந்தால் அதுவும் சரி. ஆனால் ஸ்டாண்டு நேராக இருந்தால்தான் அதற்கு வேலை.

இன்னொன்று, சூரமங்கலத்தான் தொட்டிக்குச் சட்டம் இல்லை, அதனால் தெர்மாகோல் பொருந்தும். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள கம்பெனித் தொட்டிகளில் எடை முழுக்க அந்தச் சட்டத்தின் ஓரத்தில்தான் இறங்கும், அடிக் கண்ணாடி எதிலும் படாமல் மேலே நிற்கும். அதற்கு அடியில் தெர்மாகோல் போட்டால் சட்டம் உள்ளே அமுங்கி, தெர்மாகோல் நடுக் கண்ணாடியை மேல்நோக்கி அழுத்தும். அதற்குப் போடவே கூடாது.

நாலு ரோடு கப்பி

சட்டம் விஷயம் தெரியாது, நன்றி. ஆனால் என் 2 அடித் தொட்டிக்குத் தெர்மாகோல் மட்டும் போட்டு வருஷக்கணக்கில் நிற்கிறது.

அழகாபுரம் சிவில்

2 அடித் தொட்டி 56 லிட்டர். எதன்மேல் வைத்தாலும் மன்னித்துவிடும். 4 அடிக்கு அந்தச் சலுகை இல்லை.

பள்ளப்பட்டி ஒயர்மேன்

இரும்பு ஸ்டாண்டு என்றதும் எனக்குக் கரண்டு ஞாபகம்தான் வரும். ஹீட்டர், ஃபில்டர், லைட்டு, காற்று மோட்டார் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி, அதை ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் படுக்க வைப்பது நம் ஆட்கள் வழக்கம். தண்ணீர் சொட்டினால் நேராக அதன்மேல்தான். பெட்டியைப் பக்கவாட்டில் உயரத்தில் ஸ்க்ரூ அடித்து மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி அப்புறம் மேலே ஏற வேண்டும். வயரில் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால் தொட்டிக்கு முன் அதைப் போடுங்கள். ஸ்டாண்டையும் எர்த் வயரோடு சேர்த்துவிடலாம். காற்று மோட்டாரைக் கீழ்த்தட்டில் வைப்பதாக இருந்தால் டியூபில் ஒருவழி வால்வு போடுங்கள். கரண்டு போனதும் தண்ணீர் டியூப் வழியே திரும்பி இறங்கி மோட்டாருக்குள் போய்விடும்.

சூரமங்கலத்தான்

எல்லோருக்கும் நன்றி. வெல்டிங்தான் என்று முடிவு. உயரம் எவ்வளவு வைக்கலாம்? சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான், எதைப் பார்த்தாலும் ஏறுவான்.

அம்மாப்பேட்டை சிக்லிட்

சோபாவில் இருந்து பார்க்க ரெண்டேகால் அடியிலிருந்து ரெண்டரை அடி போதும். அதற்கு மேல் போனால் பார்க்க அழகு, சுத்தம் செய்யும்போது தெரியும். ரெண்டரை அடி ஸ்டாண்டு, ஒன்றரை அடித் தொட்டி, ஆக விளிம்பே 4 அடி உயரம். கையை விட்டு மணலைத் தொட வேண்டும் என்றால் இதுவே கொஞ்சம் எக்க வேண்டியிருக்கும். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் மூன்று நாலு அங்குலம் விடுங்கள், பைப் போகவும் கை போகவும்.

பையனுக்காக: திறந்த தட்டு வைக்காதீர்கள், அது அவனுக்கு ஏணி. முன்பக்கத்தை மூடிவிடுங்கள். மேல் சட்டத்தின் பின்பக்கத்திலிருந்து சுவருக்கு ரெண்டு எல் கிளாம்ப் அடியுங்கள். நிரம்பிய தொட்டியை மூன்று வயதுப் பையன் சாய்க்க முடியாது. ஆனால் தண்ணீர் மாற்றும்போது பாதி காலியாக இருக்குமே, பெரியவர்களும் சாய்ந்துகொண்டு நிற்பார்களே.

குகை வெல்டிங் பட்டறை

காலுக்கடியில் தகடு மட்டும் போதாது தம்பி, மட்டம் திருத்த வழி வேண்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் நட்டு வைத்து வெல்டிங் செய்து, 12 மி.மீ. போல்ட்டைத் தகட்டோடு சேர்த்துத் திருகிவிட்டால் ஏற்றி இறக்கலாம். நம் வீட்டுத் தரை எதுவும் நேர் மட்டம் கிடையாது. கழுவிவிட்ட தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று மேஸ்திரி வாட்டம் கொடுத்தே டைல்ஸ் போட்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாது, 4 அடியில் தெரியும்.

சூரமங்கலத்தான்

ஸ்டாண்டு வந்துவிட்டது. பெயிண்டுக்கு முன் போய்ப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் ஒரு முனையில் டேக் மட்டும்தான் இருந்தது, மேலாக ஒரு கோடு. சொன்னதும் மறு பேச்சில்லாமல் சுற்றி ஓட்டிக் கொடுத்தார்கள். மூலைவிட்டம் ரெண்டுக்கும் ஒரு மி.மீ. வித்தியாசம்.

மேல் சட்டத்தின்மேல் 18 மி.மீ. 710 பிளை, ஓரத்துக்கெல்லாம் பெயிண்ட், அதன்மேல் தெர்மாகோல். பட்டறை அண்ணன் சொன்ன வாட்டம் சத்தியமாக இருந்தது: வாசல் பக்கம் 9 மி.மீ. கீழே. ரசமட்டம் வைத்துப் போல்ட்டைத் திருகி ரெண்டு பக்கமும் சரிசெய்தேன். தொட்டியை வைத்துக் கால்வாசி நிரப்பி மட்டம் பார்த்தேன், அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். பாதியில் ஒரு முன் மூலை லேசாக இறங்கியது. காலைத் தட்டிப் பார்த்தால் அந்த டைல் மட்டும் டொக் டொக் என்கிறது, அடியில் கலவை இல்லை போல. தொடரலாமா?

அழகாபுரம் சிவில்

நிறுத்துங்கள். தண்ணீரை எடுத்துவிடுங்கள். நிரம்பிய நிலையில் போல்ட்டைத் திருக வேண்டாம், அந்த ஒரு மூலையில் முறுக்கு விழும். கண்ணாடிக்கு வளைவதைவிட முறுக்குவது மோசம். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அடிக் கண்ணாடி குறுக்கே கீறும்.

ரெண்டு வழி. அந்த டைலை எடுத்துக் கீழே கலவை நிரப்பித் திரும்பப் பதிப்பது ஒன்று. இல்லை என்றால் ஸ்டாண்டை அரை அடி நகர்த்தி எல்லாக் காலும் கெட்டியான டைலில் நிற்கிற மாதிரி பார்ப்பது. நகர்த்தும் முன் ஒரு நாணயத்தால் எல்லா டைலையும் தட்டிப் பாருங்கள்.

சூரமங்கலத்தான்

நகர்த்தினேன். சுவரோரமாகவே ஓர் அடி கிழக்கே. இப்போது முழுக்க நிரம்பி நிற்கிறது, மட்டம் அசையவில்லை. கையை வைத்து ஆட்டிப் பார்த்தேன், தண்ணீர் ஆடுகிறது, ஸ்டாண்டு ஆடவில்லை. மீன் இன்னும் விடவில்லை, ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோரிமேடு புதுசு

இழை முழுக்கப் படித்தேன். எனக்கு 2 அடி × 1 × 1 தொட்டிதான். ஃபிரிட்ஜ் மேல் வைக்கலாமா? இடம் அங்கேதான் இருக்கிறது.

பள்ளப்பட்டி ஒயர்மேன்

வேண்டாம். சின்னத் தொட்டி என்றாலும் எல்லாம் சேர்த்து 70 கிலோ வரும். ஃபிரிட்ஜின் மேல் தகடு அதற்காகச் செய்ததில்லை, கம்பிரசர் நின்று கிளம்பும்போதெல்லாம் அதிரும், தண்ணீர் சிந்தினால் பின்பக்கம் இறங்குவது கரண்டு இருக்கிற இடத்தில். சமையல் மேடைக் கிரானைட்டின் ஓரத்தில், அடுப்புக்குத் தள்ளி, அடியில் சுவர் இருக்கிற பக்கமாக இடம் இருந்தால் அங்கே வையுங்கள். அதுவும் இல்லை என்றால் குகை அண்ணனிடம் ஒரு அங்குலப் பைப்பில் நாலு கால் ஸ்டாண்டு சொல்லுங்கள்.

குகை வெல்டிங் பட்டறை

ஒரு அங்குலம் தாராளமாகப் போதும், 16 கேஜே போதும். பின்பக்கம் குறுக்குச் சட்டம் மட்டும் அதற்கும் உண்டு. பெயிண்ட் வாசம் முழுக்கப் போன பிறகு தொட்டியை ஏற்றுங்கள்.